பாட்டிக்கும் ஒரு வரி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறு வயது வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டிக்கு வரும் கண்ணீர் அஞ்சலியைப் பாருங்கள். கணவர் பெயர், மகன்கள், மருமகன்கள், வெளிநாட்டில் இருக்கும் பேரன் எல்லாம் இருக்கும். பாட்டியைப் பற்றி ஒரு வரி இருக்காது. மும்பையில் இத்தகைய அறிவிப்புகளை எழுதித் தரும் எங்களுக்கு இது பெரிய மனக்குறை. தாராவியில் நடுச்சாமத்தில் எழுந்து இட்லி அவித்து, விடியுமுன் தலைச்சுமைக்கும் சைக்கிளுக்கும் அடுக்கை நிரப்பி அனுப்பிய தாய்மார் எத்தனை பேர்! நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்து என்று கணக்காக ஊறப்போட்டு, ஆட்டுக்கல்லில் ஆட்டி, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரை ‘இல்லத்தரசி’ என்று முடித்துவிடுகிறோம். ‘இட்லி வியாபாரம் செய்தவர்’, ‘முறுக்கு சுற்றியவர்’ என்று எழுதுங்கள். அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

விவரம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். முதலில் பரணைப் பாருங்கள். பித்தளைக் குடம், தூக்குச்சட்டி, எவர்சில்வர் சம்படம் ஆகியவற்றின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். சிலவற்றில் தேதியும் உண்டு. தேய்ந்துபோன எழுத்தின் மேல் கோலமாவைத் தடவித் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மாவு தங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் படித்துவிடலாம். கல்யாணச் சீர்ப் பாத்திரம் என்றால் பிறந்த வீட்டு இனிஷியலும் அதிலேயே கிடைத்துவிடும். அந்த இனிஷியலை வேறெந்தத் தாளிலும் பார்க்க முடியாத குடும்பங்கள் உண்டு. பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் உரிந்து வந்துவிடும். ஃப்ளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது வயது. ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால் அது பெரும்பாலும் உத்தேசக் கணக்கு. “யுவ வருஷம், தை மாசம்” என்று பாட்டி சொல்லியிருப்பார். யுவ வருஷம் 1935 ஏப்ரல் நடுவில் பிறந்து 1936 ஏப்ரல் நடுவில் முடிந்தது. ஆகவே அந்தத் தை 1936-இல்தான் வரும். 1935 என்று போட்டு ஒரு வயதைக் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வருஷப் பெயரும் தெரியாதவரிடம், 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது இடுப்பில் இருந்த பிள்ளை எது, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். வருஷம் தானாக நெருங்கி வரும்.

இதெல்லாம் அவர் இருக்கும்போதே கேட்க வேண்டியவை. “உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க” என்றால் “என்னத்தச் சொல்ல” என்பார். “பம்பாய்க்கு வந்ததும் முதல்ல வாங்கின பாத்திரம் எது?” என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். காலைக் காப்பிக்குப் பிறகு, காற்றாடியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல் ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்யுங்கள். இருபது நிமிடம் போதும். களைத்த பிறகு பெயர்கள் குழம்பும்.

திதியிலும் கவனம் தேவை. மராட்டிக் காலண்டரின் ‘ஷ்ராவண்’ மாதத்தை அப்படியே ஆவணி என்று எழுதுகிறார்கள். அது அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் சந்திர மாதம். அதன் நாட்களில் பல பெரும்பாலும் நம் ஆடியில் விழும். தமிழ்ப் பஞ்சாங்கத்தையே பாருங்கள். உயிர் பிரிந்த நேரத்தையும் குறித்து வையுங்கள், ஏனென்றால் பகல் நடுவிலும் திதி மாறும்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். இங்குள்ள படிவங்கள் பெயர், கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்றைக் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அந்த அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ எழுதிவிடுவான். பேச்சியம்மாள் ஆதாரில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் வேறு விதமாகவும் இருந்தால் பணம் எடுக்கும்போது அலைச்சல்தான். படிவத்தைக் கொடுக்கும் முன் ஆதாரை அருகில் வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாலே போதும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அஞ்சலி விளம்பரப் படிவத்தில் ‘பிறந்த ஊர்’, ‘பெற்றோர் பெயர்’, ‘செய்த வேலை’ என்று மூன்று வரிகளைச் சேருங்கள். அவற்றுக்குக் கட்டணம் வாங்காமல் அச்சிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
அஞ்சலி அறிவிப்பு எழுதித் தரும் வாசகர்கள்,
தாராவி, மும்பை.