சோமுவோடு விழித்திருந்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நாய் சோமு எப்படி இருக்கிறான் என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், தனித்தனியாகப் பதில் போட முடியவில்லை, அதனால் சேர்த்து ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். நன்றாக இருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், காயத்தை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டிய கூம்பால் வீட்டில் எல்லார் காலையும் இடிக்கிறான். தையல் இன்னும் பிரிக்கவில்லை, காயம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது.

என்ன நடந்தது என்று அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பின்னங்கால் முட்டியில் ஜவ்வு அறுந்து, எலும்பை வெட்டிக் கொஞ்சம் திருப்பித் தகடும் திருகும் வைத்துப் பொருத்தினார்கள். அறுவை நல்லபடியாகவே முடிந்தது. ஒத்துக்கொள்ளாமல் போனது வலிக்காகத் தோலில் ஒட்டிய ஃபென்டனில் (அபின் வகை வலி மருந்து) பேட்ச். அது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி 3 நாள் வரை வலியைத் தணித்து வைக்கும், பெரும்பாலான நாய்கள் அதோடு சுகமாகத் தூங்கும். நாய்க்கு அது முழு வீரியத்துக்கு வரவே 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சாதுவாகக் கிடந்தவன் வீட்டுக்கு வந்த ராத்திரி அப்படி ஆகிவிட்டான்.

வலியில் நாய் முனகுவதை நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். இது அது இல்லை. ஒரே சுருதியில், விடுகிற மூச்சுக்கெல்லாம் ஓர் ஊளை. கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை எங்கள் யார் மேலும் நிற்கவில்லை. பெயர் சொன்னால் காது கூட அசையவில்லை. எழுந்து நிற்பான், பின்பக்கம் சரியும், விழுவான், மறுபடி எழுவான். ஒரு தடவை கூம்பு நாற்காலிக் காலில் மாட்டிக்கொண்டது, பின்னால் நகர வேண்டும் என்றே தோன்றாமல் நாற்காலியையும் தள்ளிக்கொண்டு முன்னாலேயே போனான். உள்ளே புதிதாகத் தகடு வைத்த எலும்பு, இவன் இப்படி. எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

முதல் நன்றி போனை எடுத்த இரவுப் பணி டாக்டருக்கு. அவர் பதறவும் இல்லை, 'காலையில் கூட்டி வாங்க' என்று வைக்கவும் இல்லை. வரிசையாகக் கேட்டார். காயத்தைச் சுற்றி லேசாகத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறானா, உடம்பை இழுக்கிறானா? தடவிக் கொடுத்தால் ஒரு நிமிடமாவது அடங்குகிறானா? ஈறு நிறம் என்ன? காய்ச்சல் இருக்கிறதா? கடைசியாக எப்போது மூத்திரம் போனான்? தொட்டதற்கும் தடவியதற்கும் அவனிடம் எந்த வித்தியாசமும் இல்லை. வலி என்றால் தொட்ட இடத்தில் ஏதாவது காட்டுவான், ஆறுதல் சொன்னால் கொஞ்சமாவது கேட்பான், இரண்டுமே இல்லையென்றால் மருந்து தலைக்கேறிக் குழம்பிக் கிடக்கிறான் என்று சந்தேகப்பட வேண்டும் என்றார். மூச்சிரைப்பைப் பார்த்துத்தான் நாங்கள் ரொம்பப் பயந்தோம். உடம்புச் சூடோ நாய்க்கு இருக்க வேண்டிய 38 முதல் 39.2 டிகிரிக்குள்தான் இருந்தது. இந்த வகை மருந்து, உடம்பு தன் வெப்பத்தை எந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிற கணக்கையே கீழே இறக்கிவிடுமாம், அதனால் காய்ச்சல் இல்லாமலே நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும். இதை அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கே மூச்சு வந்தது.

மூத்திரக் கேள்விக்குத் தனியாக ஒரு கும்பிடு. இந்த மருந்து மூத்திரத்தைக் கட்டிவிடும், அறுவையின்போது ஏற்றிய திரவம் வேறு உள்ளே இருக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் வந்து, துண்டை அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னங்காலில் பாரம் விழாமல் வெளியே நடத்திக் கொண்டுபோனார். அவ்வளவு நேரம் மூத்திரம் போனான்! ஊளை நிற்கவில்லை, ஆனால் சத்தம் ஒரு படி இறங்கியது. அப்புறம் அதே அண்ணன்தான் வண்டியை எடுத்தார், விடியும்வரை ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார், ஒரு தடவை கூட மணி பார்க்கவில்லை.

அங்கே பேட்ச்சை உரித்து, ஒட்டும் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, குழந்தைகள் கையிலோ வேறு பிராணிகள் வாயிலோ சிக்காதபடி அவர்களே அப்புறப்படுத்தினார்கள். ஃபென்டனிலை முறிக்கிற நலோக்சோன் கொடுத்தால் உடனே தெளிந்துவிடும், ஆனால் வலி தணிப்பும் மொத்தமாகக் கழன்றுவிடும், புது எலும்பு வெட்டோடு அது கொடுமை என்று சொல்லி, பியூட்டார்ஃபனால் கொஞ்சமாகப் போட்டார் டாக்டர். அது ஃபென்டனிலின் பிடியைத் தளர்த்தும், தன் பங்குக்குக் கொஞ்சம் வலியையும் தணிக்கும். வீக்கத்துக்கான மெலோக்சிகாம் வழக்கம்போலத் தொடர்ந்தது. பேட்ச்சை எடுத்தாலும் தோலில் தங்கியிருக்கிற மருந்து இன்னும் பல மணி நேரம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும், திடீரென்று மாறிவிடுவான் என்று எதிர்பார்க்காதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அப்படியேதான் ஆனது.

அந்த மிச்ச நேரத்தைக் கடத்த வைத்தது மாடி வீட்டு அக்கா. அவர் வந்ததும் செய்த முதல் வேலை, சோமு பக்கத்தில் கிடந்த வெந்நீர்ப் பையை எடுத்து வெளியே வைத்ததுதான். பேட்ச் மேல் சூடு பட்டால் மருந்து வேகமாக இறங்கும், எடுத்த பிறகும் அந்த இடத்துக்குச் சூடு வேண்டாம் என்றார். பிறகு விளக்கைக் குறைத்தார், டிவியை அணைத்தார், வழுக்குகிற தரை முழுக்கப் பாயும் கம்பளியும் விரித்தார், எங்களில் ஒருத்தரைத் தவிர மற்றவர்களை அறைக்கு வெளியே அனுப்பினார். கட்டிப்பிடிக்காதே, முகத்துக்கு மேலே குனியாதே, உன்னை யார் என்றே தெரியாத நேரத்தில் கடித்தாலும் அது அவன் குற்றமில்லை என்று அவர் சொன்னதை எல்லா நாய் வீட்டுக்காரர்களும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டில் உட்கார்ந்து, அவன் எழும்போது மட்டும் துண்டால் இடுப்பைத் தாங்கி, மற்ற நேரம் சும்மா இருப்பது. அவ்வளவுதான் வேலை. கை துறுதுறுக்கும்போது சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா! ஒருத்தர் கண்கொட்டாமல் பக்கத்தில் இருக்கும்வரை கூம்பைக் கழற்றி வைக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னதும் அக்காதான். அதைக் கழற்றியதும் பாதி முட்டல் மோதல் குறைந்தது. வாய் காய்ந்துபோயிருந்தது, ஈரத்துணியால் ஈறை ஒற்றிவிட்டோம், ஒழுங்காக விழுங்குகிறான் என்று தெரிந்த பிறகே தண்ணீர், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

தூரத்தில் இருந்துகொண்டு விடாமல் தட்டச்சு செய்தவர்களுக்கும் நன்றி, எல்லா யோசனைக்கும் இல்லை என்றாலும். 'பாவம், வலி தாங்கல, நம்ம மாத்திரையில கால் வாசி கொடுங்க' என்று பாசத்தில்தான் எழுதினீர்கள், புரிகிறது. ஆனால் நாம் போடுகிற இப்யூபுரூஃபனும் பாராசிட்டமாலும் நாயைக் கொன்றுவிடக்கூடும், அதுவும் ஏற்கெனவே மெலோக்சிகாம் போகிற உடம்பில் இப்யூபுரூஃபன் சேர்ந்தால் வயிறும் சிறுநீரகமும் சேர்ந்து அடிவாங்கும். அந்த யோசனைக்குக் கீழேயே 'வேண்டாம், டாக்டரைக் கேளுங்க' என்று உடனே எழுதிய புண்ணியவான்களுக்கு இரண்டு மடங்கு நன்றி.

அந்தத் தெருவையே எழுப்பிய ஊளையைக் கேட்டும் கதவைத் தட்டாமல், திட்டாமல், மறுநாளும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்த அக்கம்பக்கத்தாரை விட்டுவிட்டால் நன்றாயிருக்காது. உங்கள் பொறுமைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

சோமு தெளிந்தது படிப்படியாகத்தான். முதலில் ஊளைக்கு நடுவே இடைவெளி வந்தது. பிறகு இரைப்பு அடங்கியது. பெயர் சொன்னபோது ஒரு காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது, வீட்டில் எல்லாரும் அழுதோம், நான் உட்பட. மறுபடி பார்க்கப் போனபோது அறுவை செய்த டாக்டர் அவன் கோப்பின் முதல் பக்கத்திலேயே ஃபென்டனில் விவகாரத்தைப் பெரிதாக எழுதி வைத்தார். இது அலர்ஜி இல்லை, ஆனால் இனி எந்த மயக்க மருந்துக்கும் முன்னால் புது டாக்டரிடம் நாமே வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்றார். எங்கள் போனிலும் பதிந்து வைத்திருக்கிறோம்.

எலும்பு கூடுவதற்கு 8 முதல் 12 வாரம் பிடிக்கும், அதுவரை ஓட்டம், துள்ளல், படி ஏறுவது எல்லாம் தடை. அதனால் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து வாசலில் நின்று 'சோமூ' என்று கூப்பிடாதீர்கள், ஒரு போன் போடுங்கள், கயிற்றில் பிடித்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன். அப்புறம், அன்றிரவு வந்த பாய், கம்பளி எல்லாம் துவைத்து மடித்து வைத்திருக்கிறது, எது யாருடையது என்று சத்தியமாகத் தெரியவில்லை, வந்து அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போங்கள்.