வெள்ளைச் சட்டையும் கறுப்பு முகமூடியும்

வெள்ளவத்தை, கொழும்பு 6

அன்பின் ரவி,

கடிதம் கிடைத்தது. மருமகளின் வாள்வீச்சுப் போட்டிக்குப் பழைய கமராவோடு வரப்போகிறாயாம். வா மச்சான், ஃப்ளாஷை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வா. வாள் நுனியையே பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் கண்ணில் அதை அடிக்க முடியாது.

பிலிமுக்கு எச்பி5 பிளஸ் போதும், ஐஎஸ்ஓ வேகத்தை 1600க்கு ஏற்றி எடு. டெல்டா 3200 என்ற பிலிமின் உண்மை வேகமே 1000 அளவில்தான்.

உன்னைக் கவிழ்க்கப்போவது வெள்ளைச் சட்டை. எப்பே என்ற வாள்வகையில் ஆடுபவர் கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை, முகமூடி வலையோ கரி. ஒளியை அளக்கும் ஒளிமானி வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்த்து, ஒன்றரை ஸ்டொப் குறைத்துச் சொல்லும் (ஒரு ஸ்டொப் என்றால் இருமடங்கு ஒளி). அதை நம்பி எடுத்துவிட்டுக் கழுவும் நேரத்தைக் கூட்டினாலும் முகமூடிக்குள் விழாத ஒளி வராது. நெகட்டிவில் வெள்ளைதான் இன்னும் தடிக்கும். களத்தின் ஓரத்தில் உள்ளங்கையை விளக்குக்கு நேரே பிடித்து அளந்து, ஒரு ஸ்டொப் கூட்டி வை. பிறகு ஒளிமானியை மறந்துவிடு. சாதாரண மண்டபத்தில் லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் 1/250 செக்கன் வரும்.

திறப்பை எஃப் 2க்கு அகட்டி 1/500உம் வைக்கலாம்தான். ஆனால் நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய மண்டப விளக்குகள் செக்கனுக்கு 100 தரம் மங்கித் துலங்கும். அடுத்தடுத்த படங்களில் ஒன்று வெளுத்து ஒன்று கறுத்தால் ஷட்டரைத் திட்டாதே. 1/250இல் அது குறையும். பாய்ந்தவரின் முன்கால் தரையில் பதியும்போது உடம்பு ஒரு கணம் நிற்கும், வளைந்த வாள் மட்டும் கோடாய் இழுபடும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

85 மில்லிமீற்றர் லென்ஸோடு 6 மீற்றரில் நின்றால் படத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஒரு மீற்றர்கூட இல்லை. களம் 14 மீற்றர். துரத்திப் பிடிக்க நினைக்காதே. சேபர் வாள் போட்டி என்றால் நடுக்கோட்டில் ஃபோகஸைப் பூட்டிவிடு, நடுவர் 'அலே' (தொடங்கு) என்றதும் இருவரும் அங்கேதான் மோதுவார்கள். எப்பேயில் பொறுமையாகப் பின்தொடரலாம்.

இரண்டு பேரும் வலக்கைக்காரர் என்றால் எந்தப் பக்கம் நின்றாலும் ஒருவரின் முதுகுதான் கிடைக்கும். இடக்கைக்காரர் ஒருவர் இருந்தால் நடுவர் நிற்கும் பக்கத்துக்கு ஓடு. விதிப்படி இடக்கைக்காரர் நடுவரின் இடப்பக்கம் நிற்பார். இருவரின் மார்பும் உன் பக்கம் திரும்பியிருக்கும்.

கழுவுவது என் வீட்டில். பிலிம் கழுவும் மருந்து மைக்ரோபென், மேலும் தண்ணீர் கலக்காத கரைசல், 20 பாகையில் 11 நிமிடம். கொழும்புக் குழாய்த் தண்ணீர் 20க்கு எங்கே இறங்கும்? கரைசல் போத்தலையும் பிலிம் கழுவும் டாங்கையும் ஐஸ் போட்ட வாளியில் வைக்கவேண்டும். ஐஸைக் கரைசலுக்குள் போட்டால் நீர்த்துப்போகும். 24 பாகையில் நிறுத்தினால் ஏறத்தாழ 7¾ நிமிடம். அதே கரைசலில் அடுத்த பிலிமுக்கு 10 வீதம் கூட்டு.

விமானத்தில் வரும்போது பிலிமைப் பெரிய பெட்டியில் போடாதே, அதற்குப் போடும் எக்ஸ்-ரே கடுமையானது. கையோடு கொண்டுவந்து, ஸ்கானருக்குள் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேள். மைக்ரோபென் ஒரு லீற்றர்ப் பொதி இரண்டும் வாங்கி வா. என்னிடம் இருப்பது கட்டிபட்டுப் போச்சு.

அன்புடன்,
சிவா