ஐம்பது பைசா எங்கே போனது? பிஎச்பி நிரல்மொழியைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிஎச்பி பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு, முதலாவதில் மட்டும் இருப்பதை எடுத்துத் தரும் அரே_யூடிஃப் (array_udiff) பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேராகக் கேட்டுவிடுகிறேன்: அதற்கு நாங்கள் எழுதிக் கொடுக்கும் ஒப்பிடும் ஃபங்ஷன், அதாவது கால்பேக், பின்ன எண்ணைத் திருப்பி அனுப்பினால் ஓர் எச்சரிக்கை காட்டுங்கள்.

ஒரு மளிகைக் கடைக்கு நிரல் எழுதிக் கொடுத்திருந்தோம். நேற்றைய விலைப்பட்டியலையும் இன்றையதையும் அரே_யூடிஃப் கொண்டு ஒப்பிட்டு, விலை மாறிய சரக்குக்கு மட்டும் புது லேபிள் அச்சாகும். கால்பேக்கில் முதலில் சரக்குக் குறியீட்டைப் பார்ப்போம். அது ஒன்றாக இருந்தால் ஒரு விலையிலிருந்து மற்றதைக் கழித்து அப்படியே ரிட்டர்ன். பலரும் எழுதுவதுதான். இரண்டு ரூபாய் ஏறிய துவரம்பருப்புக்கு லேபிள் வந்தது. 49 ரூபாயிலிருந்து 49.50 ஆன சோப்புக்கு வரவில்லை. 0.5 உள்ளே போனதும் முழு எண்ணாக வெட்டுப்பட்டு 0 ஆகிவிட்டது. 0 என்றால் இரண்டும் சமமாம். ரேக்கில் 49, பில்லில் 49.50. கல்லாவில் இருந்த அண்ணாச்சி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேச்சு வாங்கினார். நாங்களோ மூன்று நாள் டேட்டாபேஸைக் குடைந்துகொண்டிருந்தோம். எரர் லாகில் ஒரு வரிகூட இல்லை.

தப்பு எங்களுடையதுதான். 0.99, 0.1 எல்லாம் 0 ஆகிவிடும் என்று கையேட்டில் எழுதித்தான் இருக்கிறீர்கள். ஆனால் 8.0 பதிப்பிலிருந்து, பட்டியலை வரிசைப்படுத்தும் யூசார்ட்டின் கால்பேக் ட்ரூ, ஃபால்ஸ் அனுப்பினால் கண்டிக்கிறீர்கள். 8.1-லிருந்து அரே கீயாக (பட்டியலில் ஒரு மதிப்பைக் குறிக்கும் சாவியாக) 15.5 கொடுத்தால், துல்லியம் போகிறது என்று சத்தம் போடுகிறீர்கள். எங்கள் ஐம்பது பைசா மட்டும் என்ன பாவம் செய்தது?

பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். இந்த ஒப்பிடும் ஃபங்ஷன்களின் பெயர்களைப் பாருங்கள்: அரே_யூடிஃப், அரே_டிஃப்_யூகீ, அரே_யூடிஃப்_அசாக், அரே_டிஃப்_யூஅசாக், அரே_யூடிஃப்_யூஅசாக். எந்த யூ மதிப்புக்கு, எந்த யூ கீக்கு என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. கால்பேக்கைக் கொடுக்கும் இடமும் ஒன்றாக இல்லை: அரே_மேப்பில் முதலில், அரே_ஃபில்டரில் இரண்டாவது, இங்கே கடைசி. கூட்ட பஸ்ஸில் கிடைத்த சீட்டில் உட்கார்ந்த மாதிரி. சரி, அதை இப்போது மாற்றச் சொன்னால் பழைய நிரலெல்லாம் படுத்துவிடும். விடுங்கள்.

கழித்தலை எடுத்துவிட்டு, 2015-ல் 7.0-ல் நீங்கள் தந்த ஸ்பேஸ்ஷிப் ஆபரேட்டரைப் (<=>; சிறிது, சமம், பெரிது என்பதை -1, 0, 1 என்று மட்டும் சொல்லும்) போட்டோம். சோப்புக்கும் லேபிள் வந்துவிட்டது. ஆனால் இன்னும் எத்தனை கடையில் அந்தக் கழித்தல் ஓடிக்கொண்டிருக்கிறதோ. பின்ன எண் வந்தால் ஒரே ஓர் எச்சரிக்கை. அடுத்த பதிப்பில் சேர்க்க முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மொழியில் பிழைப்பு நடத்தும் ஒருவன்