சூடேறாமல் ஓடிக் கெடும் டீசல் ஹேட்ச்பேக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேகமாக ஓடும் டீசல் ஹேட்ச்பேக் கார்களைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் குதிரைத்திறன், மைலேஜ், நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை வினாடி என்ற மூன்றோடு முடிந்துவிடுகின்றன. அதைப் படித்துவிட்டு, தினமும் நாலு கிலோமீட்டர் அலுவலகம் போய்வர ஒருவர் அந்த வண்டியை வாங்குகிறார். கொஞ்ச காலத்தில் புகை வடிகட்டி அடைக்கிறது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ முடங்குகிறது. டீசலே ஆகாது என்று விற்றுவிடுகிறார். அந்தச் செலவு அடுத்து வாங்குகிறவர் தலையில் விழுகிறது. ஓடித் தேய்ந்து கெடும் டீசலைவிட, சூடேறாமல் ஓடிக் கெடும் டீசல்தான் பட்டறைக்கு அதிகம் வருகிறது. உங்கள் வாகனப் பக்கத்தில் இதற்கும் இடம் தர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில், இந்த வண்டியின் பலம் எங்கே இருக்கிறது? 2012 இறுதியில் வந்த ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபை எடுத்துக்கொள்வோம். அதன் பெட்ரோல் ரகமான ஜி.டி.ஐ.க்கு 220 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் இழுவை. டீசல் ரகமான ஜி.டி.டி.க்கு 184 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 380. அது 1750 ஆர்.பி.எம்.மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) முழுதாகக் கிடைத்து 3250 வரை குறையாமல் நிற்கும். 2003-இல் வந்த ஸ்கோடா ஃபேபியா வி.ஆர்.எஸ். அதைவிடச் சின்ன வண்டி. அதிலிருந்த 1.9 லிட்டர் டீசல் இன்ஜினே 130 குதிரைத்திறனும் 310 நியூட்டன் மீட்டரும் தந்தது. ஆக, இந்த வண்டிகளின் பிக்கப் எல்லாம் 1800-க்கும் 3500-க்கும் நடுவில்தான். 4000-க்கு மேல் மிதித்தால் சத்தம் கூடுகிற அளவுக்கு வேகம் கூடாது. பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் சிவப்புக் கோடு வரை இழுத்துவிட்டுத்தான் கியர் மாற்றுவார்கள். இதில் 3500-ஐ ஒட்டி மாற்றினால், ஆர்.பி.எம். முள் அடுத்த கியரில் மறுபடி நல்ல இழுவை உள்ள இடத்திலேயே வந்து விழும்.

இதற்கு நேர் எதிரான பழக்கம் இன்னும் கெடுதல். டீசல் மிச்சமாகும் என்று ஆறாவது கியரில் 1200, 1300-இல் உருட்டிக்கொண்டே போய், லாரியை முந்தும்போது அப்படியே ஆக்சிலேட்டரைத் தரை வரை அழுத்துவார்கள். அந்த நேரத்தில் டர்போ இன்னும் காற்றைத் திரட்டியிருக்காது. டீசல் அதிகம், காற்று குறைவு. எரியாத கரி பின்னால் கருப்பாகக் கிளம்பும். ஒவ்வொரு வெடிப்பின் உதையும், இன்ஜின் அதிர்வைத் தாங்கும் இரட்டை ஃபிளைவீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளில் போய் இடிக்கும். பேரிங்குகளில் ஆயில் படலம் மெலிந்திருக்கும் நேரமும் அதுதான். முந்துவதற்கு முன்பே நாலாவதோ மூன்றாவதோ போட்டு, முள்ளை 2000-க்கு மேல் கொண்டுவந்துவிட்டு மிதியுங்கள். டீசல் செலவு பெரிதாக ஏறாது, வேலையும் பாதி தூரத்தில் முடியும். வளைவிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. இரண்டாவது கியரில் அத்தனை டார்க்கும் முன்சக்கரங்களில் ஒரே நேரத்தில் இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கம் பிடுங்கும். சக்கரம் நேராகத் திரும்பத் திரும்ப மிதியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இனி சூடு. டீசல் இன்ஜின் பெட்ரோலைவிட மெதுவாகத்தான் சூடாகும். டேஷ்போர்டில் முள் 90-இல் நின்றுவிட்டால் இன்ஜின் தயார் என்று நினைக்கிறோம். அது தண்ணீரின் சூடு. ஆயில் அதே சூட்டை எட்ட இன்னும் அவ்வளவு தூரம் ஓட வேண்டும். ஆயில் சூட்டைக் காட்டும் வசதி இருந்தால் 80 டிகிரி தாண்டும் வரை 2500-க்கு மேல் போகாதீர்கள். வசதி இல்லையென்றால் முதல் பத்து கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டுச் சூடாக்கும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் சூடு ஏறாது, கரிதான் சேரும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அதைத் தாங்குவது ஒரு மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. நெடுஞ்சாலையில் விரட்டிவந்து, ஓரமாக நிறுத்திய கையோடு சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே தேங்கிய ஆயில் வெந்து கரியாகும். ஊர் நெருங்கும் கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவந்தாலே டர்போ ஆறிவிடும். அப்படி முடியாவிட்டால் அணைக்கும் முன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள்.

இப்போது டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டி. சண்டை சச்சரவு, வீண் செலவு எல்லாம் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகின்றன. புகையிலுள்ள கரித்துகளை இது பிடித்து வைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடும்போது புகையின் சூடு 350 டிகிரியைத் தாண்டுவதால் ஒரு பகுதி தானாகவே எரிந்துவிடும். மீதி சேர்ந்ததும் இன்ஜின் கணினி கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்கும். பல வண்டிகளில் இது நடக்கும்போது டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆனால் கவனித்தால் தெரியும். வழக்கமாக 800-இல் நிற்கும் ஐட்லிங் 1000-க்கு ஏறியிருக்கும். சிக்னலில் தானாக அணையும் வண்டி அணையாது. உடனடி மைலேஜ் சரியும். வண்டியை விட்டு இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடும், அடியிலிருந்து சுட்ட இரும்பு வாடை வரும்.

அந்த நேரத்தில் வண்டியை அணைக்காதீர்கள். இன்னும் பத்து, பதினைந்து நிமிடம் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல், ஒரு கியர் குறைத்து 2000 ஆர்.பி.எம்.மைத் தாண்டி ஓட்டினால் வேலை முடிந்துவிடும். பாதியில் அணைத்தால் கரி அப்படியே தங்கும். எரிக்கப் பீய்ச்சிய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே ஒழுகி ஆயிலில் கலக்கும். நாலு கிலோமீட்டர் பயணக்காரருக்கு இதுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. அளவுக்குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ ஒன்றுமில்லை. விரலில் தொட்டு முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும், தண்ணீர்போல் ஓடும். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். மெலிந்த ஆயில் பேரிங்கையும் டர்போவையும் தின்றுவிடும். மட்டம் மிக அதிகமானால் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்து, சாவியைத் திருப்பினாலும் அணையாமல் ஓடும் ஆபத்தும் உண்டு.

டீசல் கால் டேங்குக்குக் கீழே இருந்தாலோ, இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலோ பல வண்டிகள் இந்த எரிப்பைத் தொடங்கவே தொடங்காது. வாரத்துக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்ட வழியில்லாதவர் இந்த ரக வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது. அவருக்குப் பெட்ரோல் ஹேட்ச்பேக்தான் பொருத்தம்.

கரி எரியும், சாம்பல் எரியாது. இந்தச் சாம்பல் ஆயிலில் சேர்க்கும் ரசாயனங்களிலிருந்து வருகிறது. வடிகட்டி உள்ள வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்பது அதனால்தான். டப்பாவில் 5டபிள்யூ-30 என்ற பிசுபிசுப்பு அளவு இருந்தால் மட்டும் போதாது, ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கத்தின் ஏ.சி.இ.ஏ. சி3, அல்லது ஃபோக்ஸ்வாகன் குழும வண்டியென்றால் 507.00 என்று கையேடு சொல்லும் தரக்குறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். வடிகட்டி இல்லாத பழைய 1.9 லிட்டர் பம்ப் இன்ஜெக்டர் இன்ஜின்களுக்கு 505.01 தரம் வேண்டும். அவற்றில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டே டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் அழுத்துவதால், தரம் குறைந்த ஆயில் ஊற்றினால் கேம் முனைகள் தேய்ந்து தட்டையாகும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி மேட்டில் திடீரென்று பலம் இழக்கும். 3000-க்கு மேல் ஏறாது. அணைத்து மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். டர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சில இடங்களில் உடனே சொல்லிவிடுகிறார்கள். பொறுங்கள். இன்ஜின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக்குறி வந்தால் டர்போ தரும் காற்றழுத்தம் குறைவு, பி0234 வந்தால் அதிகம். குறைவு என்றால் முதலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஓஸ்களைப் பாருங்கள். இணைப்பில் லேசான ஆயில் ஈரம் சகஜம். சொட்டினாலோ, மிதிக்கும்போது புஸ்ஸென்ற சத்தமும் கரும்புகையும் வந்தாலோ ஓஸ் கிழிந்திருக்கிறது. அடுத்து, பென்சில் தடிமனுள்ள வேக்குவம் டியூப்கள். சூட்டில் விறைத்து நுனியில் வெடித்திருக்கும். நுனியை வெட்டிவிட்டு மாட்டினாலே சரியான வண்டிகள் உண்டு. அதன் பிறகு, டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டர் கம்பி. வேக்குவத்தில் இயங்கும் வகையானால் கைப்பம்பை மாட்டி இழுத்துப் பாருங்கள். கம்பி தடங்கலின்றி வழுக்கி உள்ளே போய், விட்டதும் அதேபோல் திரும்ப வேண்டும். இடையில் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் டர்போவுக்குள் இருக்கும் நகரும் இதழ்களில் கரி பிடித்திருக்கிறது. அழுத்தம் திடீரென அதிகமாகி வண்டி முடங்குவதற்கு இதுவே வழக்கமான காரணம். எப்போதும் மெதுவாகவே ஓட்டப்பட்ட வண்டிகளில்தான் இதை அதிகம் பார்க்கலாம். பல நேரம் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். தண்டில் ஆட்டம் இருந்து, இறக்கை கூட்டில் உரசியிருந்தால் மட்டுமே டர்போவை மாற்ற வேண்டிவரும்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தவறாமல் ஓடவைக்கும் டைமிங் பெல்ட்டைக் கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் மாற்றுங்கள். எத்தனை என்பது இன்ஜினுக்கு இன்ஜின் வேறுபடும்; கையேட்டில் இருக்கிறது. அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜினின் தலைப்பகுதியையே பிரிக்க வேண்டிவரும். பெல்ட்டோடு டென்ஷனர், ரோலர்கள், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய பம்ப் பாதி வழியில் ஒழுகினால் அதே வேலையை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். மாட்டி முடித்ததும் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங்கைப் பிடித்துவைக்கும் பூட்டு ஊசிகள் மறுபடி சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் போன்ற இன்ஜின்களில் பெல்ட் கிடையாது, செயின்தான். அதன் ஆயுள் ஆயில் மாற்றத்தில் இருக்கிறது. காலையில் போட்டதும் சில வினாடி சலசலத்தால் செயின் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிப்பதும் காலத்தில் ஃபில்டரை மாற்றுவதும் சின்ன வேலைகள்தான். ஆனால் 1600 பார், அதற்கும் மேலான அழுத்தம் தரும் பம்புக்கு டீசலே மசகு. தண்ணீர் கலந்தாலும், புது ஃபில்டரில் டீசல் நிரப்பாமல் காற்றோடு சுற்றவிட்டாலும் பம்ப் உரசி இரும்புத்தூளை இன்ஜெக்டர் வரை அனுப்பும். தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் அப்போதே ஓடத் தொடங்கிவிடும்.

ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றி, பலம் கூட்டுவதில் ஆசை இருக்கும். மென்பொருள் மாற்ற ஒரு மணி நேரம் போதும், ஆனால் கிளட்சும் ஃபிளைவீலும் பழையவைதான். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் தானியங்கிப் பெட்டியின் வரம்பே 250 நியூட்டன் மீட்டர். மேனுவல் வண்டியில் செய்வதானால் முன்னதாக ஒரு சோதனை: ஐந்தாவது கியரில் 1800-இல் முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் முள் மட்டும் தாவினால் கிளட்ச் ஏற்கெனவே வழுக்குகிறது. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போதே ஃபிளைவீலின் ஆட்டத்தையும் அளந்துவிடுங்கள். அணைக்கும்போது தடக்கென்று குலுங்கும் வண்டி என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி.

ரீமேப்போடு சேர்த்து வடிகட்டியைக் குடைந்து வெறுங்கூடாக்கித் தருகிறார்கள். இதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. பின்னால் இரு சக்கர வண்டியில் குழந்தையோடு வருகிறவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள், நாங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். குளிர்ந்த இன்ஜின் உடனே பிடிக்க வேண்டும். ஸ்கேனரில் கடைசியாக வடிகட்டியில் கரி எரிக்கப்பட்டு எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, கரி எத்தனை கிராம், ஐட்லிங்கில் நாலு இன்ஜெக்டர்களின் டீசல் திருத்த அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல வடிகட்டி உள்ள வண்டி ஓர் எரிப்புக்கும் அடுத்த எரிப்புக்கும் இடையில் சில நூறு கிலோமீட்டர் ஓடும். ஸ்கேனர் இல்லையென்றால், இன்ஜின் சூடேறும் முன் சைலன்சர் குழாயின் உள்சுவரில் விரலை வைத்துத் தடவுங்கள். வடிகட்டி ஒழுங்காக இருக்கும் வண்டியில் விரல் ஏறக்குறைய சுத்தமாக வரும். மைபோல் கருப்பு ஒட்டிக்கொண்டால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது உள்ளே இல்லவே இல்லை.

இப்படிக்கு,
டீசல் வண்டிப் பட்டறை ஒன்றின் மெக்கானிக்குகள்