கால்பந்து மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2020–21

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, நம் விளையாட்டுப் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் இரங்கல். இந்த ஆண்டில் இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் சுனி கோஸ்வாமி ஏப்ரல் 30 அன்று மறைந்தார். நம் கன்னியாகுமரி மக்களவை உறுப்பினர் எச். வசந்தகுமாரை ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவுக்குக் கொடுத்தோம். நவம்பர் 25 அன்று மரடோனாவும் போய்விட்டார். அவருக்கு ஜங்ஷனில் வைத்த பிளெக்ஸ் இன்னும் அப்படியே நிற்கிறது. இறக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். இரண்டாம் டிவிஷன் லீக் நமக்கு எப்போதும் ஈஸ்டர் கழிந்துதான் தொடங்கும். கொச்சியிலும் கொல்லத்திலும் ஆழ்கடல் படகுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஈஸ்டருக்கு ஊருக்கு வருவார்கள். ஜூன் மழைக்குள் ஆடி முடித்துவிட்டுப் போவார்கள். 2020இல் ஈஸ்டர் ஏப்ரல் 12. மார்ச் 25லேயே ஊரடங்கு வந்துவிட்டது. ஜெர்சி தைக்கக் கொடுத்த கடையும் பூட்டிக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஏப்ரல், மே முழுவதும் அணி மொத்தமும் ஊரில் இருந்தது. கடற்கரையில் இரண்டு பேர் பந்து தட்டினால்கூட போலீஸ் வண்டி வந்தது. அந்த ஆண்டு மேற்குக் கடற்கரையின் மீன்பிடித் தடைக்காலத்தை 61 நாளிலிருந்து 47 நாளாகக் குறைத்து, ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை என்று வைத்தார்கள். வருமானம் இல்லாமல் வீட்டில் கிடந்தவர்கள் ஜூன் முதல் வாரமே படகேறினார்கள். ஆள் இருந்தபோது ஆட்டம் இல்லை, ஆட்டம் வந்தபோது ஆள் இல்லை.

தொடக்கத் தேதி பல தடவை மாறியது. நாம் ஆடுவது பள்ளி மைதானம். பள்ளி திறக்காமல் மைதானத்துக் கதவும் திறக்கவில்லை. ஒருவழியாக வேறு மைதானம் பார்த்து டிசம்பர் முதல் வாரம் என்று முடிவானபோது புரெவி புயல் எச்சரிக்கை வந்தது. 2017இல் ஒக்கி புயலைப் பார்த்த ஊர் இது, அந்த வாரம் பந்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. புயல் ராமநாதபுரம் பக்கமே வலுவிழந்தது, ஆனால் தேதி போனது போனதுதான். ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்த பிறகு நம் மைதானமும் கிடைத்து, பிப்ரவரியில்தான் முதல் விசில் ஊதினார்கள்.

‘ஐ.எஸ்.எல். நடக்குது, நாம ஏன் ஆடக் கூடாது?’ என்று வாட்ஸ்அப் குழுவில் சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாட்டின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நவம்பர் 20 அன்று கோவாவில் தொடங்கியது, அதற்கு அடுத்த நிலையிலுள்ள ஐ-லீக் ஜனவரி 9 அன்று கொல்கத்தாவில். இரண்டிலும் வீரர்களை ஹோட்டலில் வைத்து, பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்து, ரசிகர்கள் இல்லாமல் ஆடினார்கள். நம் பையன் ஆட்டம் முடிந்து போவது பாட்டி படுத்திருக்கும் அறைக்கு. தள்ளிவைத்தது சரிதான் என்றே நான் இன்றும் சொல்வேன். (அந்த ஐ.எஸ்.எல். முதல் ஆட்டத்திலேயே நம் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் காயம்பட்டு வெளியேறியதைப் பார்த்து ஊரே நொந்துபோனது வேறு கதை.)

அணி எப்படி ஆடியது என்று கேட்டால், மூச்சு வாங்க ஆடியது. பத்து மாதம் ஓடாத கால்கள். 2020 மே மாதம் சர்வதேச விதிக்குழு தற்காலிகமாக அனுமதித்த ஐந்து மாற்று ஆட்டக்காரர் விதியை நம் லீக்கும் எடுத்துக்கொண்டதால் தப்பித்தோம். பள்ளிப் பையன்களை இறக்கினோம். இரண்டு பேர் நன்றாகவே தேறிவிட்டார்கள். நம் கோல்கீப்பர் ஈரானில் மீன்பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டு, ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலில் ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து இறங்கியவர். மறுபடி விசாவுக்குக் காத்திருக்கிறார். அவருக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும், ஆனால் லீக் முடிந்து கிடைக்கட்டும்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் திருவிழா செவன்ஸ் போட்டி நடக்காததால் வரவு இல்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஊரடங்கில் வீடு வீடாக அரிசியும் கபசுரக் குடிநீரும் கொண்டுகொடுத்த பிள்ளைகளுக்கு மன்றத்தின் நன்றி.

பொதுக்குழுவின் முன் ஒரே ஒரு தீர்மானம் வைக்கிறேன். மீதி ஆட்டங்களை இந்த மார்ச்சிலேயே முடித்துவிடலாம் என்று லீக் தரப்பில் பேச்சு இருக்கிறது. நம் முன்வரிசை இப்போது கடலில் இருக்கிறது. இந்த 2021இல் ஈஸ்டர் ஏப்ரல் 4, சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. அந்த வாரம் கழிந்து ஆட்டங்களை வைக்கும்படியும், அடுத்த சீசன் தேதியைக் கடற்கரை ஊர் அணிகளைக் கேட்டபின் முடிவு செய்யும்படியும் நம் மன்றம் எழுத்தில் கேட்க வேண்டும். கடிதம் தயாராக இருக்கிறது. சம்மதம் என்றால் கை உயர்த்துங்கள், இன்றே கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்