நாலாவது பெர்த்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறினார்கள் என்று படித்ததும் எனக்கே கால்வலி விட்டுப்போன மாதிரி இருந்தது. இரண்டு மாதம் உன் தம்பி வந்து கூடவே இருக்கப்போகிறான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதை மட்டும் நான்கு தடவை படித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாங்கள் வியட்நாம் போவது முடிவாகிவிட்டது. மார்ச் கடைசியில், பன்னிரண்டு நாள். ஹனோயில் இறங்கி, ரயிலிலேயே தெற்கே வந்து, ஹோ சி மின் நகரத்தில் விமானம் ஏறுவதாகத் திட்டம். இந்தத் தடவை மகளும் வருகிறாள். ஏழு வயது முடிந்துவிட்டது அவளுக்கு.

அவள் பிறக்கும் முன்பு நாங்கள் இருவரும் இதே பாதையில் போய் வந்தது உனக்குத் தெரியும். அப்போது ஓட்டல் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டு ஐந்து நாளில் மூன்று இரவை ரயிலிலேயே கழித்தோம். போதாததற்கு டா நாங்கில் ரயிலையும் விட்டோம். டிக்கெட்டில் 14-ம் தேதி, 00.40 மணி என்று இருந்தது. 14-ம் தேதி ராத்திரி சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனால், எங்கள் வண்டி முந்தின ராத்திரியே போய்விட்டிருந்தது. 13-ம் தேதி இரவே போய்க் காத்திருந்திருக்க வேண்டும். அப்புறம் கிடைத்தது மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து பதினேழு மணி நேரம். நாங்கள் இருவர் மட்டும் என்பதால் தாங்கியது. தூக்கம் கெட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு இரவை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதனால் இப்போது நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் வண்டி எதையும் நான் தொடுவதாக இல்லை.

இந்த முறை முதலில் இரவுகளைத்தான் பிரித்தேன், ஊர்களைப் பிறகுதான் எடுத்தேன். பன்னிரண்டு நாளில் ரயிலில் இரண்டே இரவு. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலியாக இருக்கவேண்டும். கோயில், அரண்மனை, படகு எதுவும் கூடாது. குழந்தை மதியம் வரை தூங்கினால் தூங்கட்டும்.

ஒரு இரவுக்கு எவ்வளவு தூரம் சரி என்று யோசித்துப் பார். அந்த ரயில் பாதை முழுக்க மீட்டர் கேஜ், ஒற்றைத் தடம். எதிர் வண்டிக்கு ஒதுங்கி நின்று நின்று, சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர்தான் போகும். ஹனோயிலிருந்து ஹுவே 688 கிலோமீட்டர். இரவு ஏழு எட்டு மணிக்கு ஏறினால் காலை ஒன்பது வாக்கில் சேரலாம். குழந்தைக்கு அளந்து தைத்த மாதிரி இரவு அது. நா ட்ராங்கிலிருந்து ஹோ சி மின் நகரம் 411 கிலோமீட்டர்தான். ராத்திரி ஏறினால் விடிவதற்குள் இறக்கிவிட்டுவிடும். அரைத் தூக்கத்தில் ஒரு கையில் அவள், ஒரு கையில் பெட்டி, ஓட்டல்காரர்களோ மதியம் இரண்டு மணிக்குத்தான் அறை என்பார்கள். அந்தத் துண்டைப் பகலில் வைத்துவிட்டேன். டா நாங்கிலிருந்து நா ட்ராங் 524 கிலோமீட்டர். அதுதான் எங்கள் இரண்டாவது இரவு. நள்ளிரவுக்கு முன்பே கிளம்பி, வெளிச்சம் வந்தபிறகு சேரும் வண்டியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பா மலைக்குப் போகவேண்டும் என்று இவருக்கு ரொம்ப ஆசை. அதற்கு ஹனோயிலிருந்து லாவ் காய் வரை ஒரு இரவு, திரும்ப ஒரு இரவு. பிறகு ஹுவேக்கு இன்னொன்று. பழைய மூன்று இரவுக் கதைதான். வேண்டாம் என்று அடித்துவிட்டேன். இரண்டு நாள் முகம் வாடியிருந்தார். பிறகு மகளின் காகிதத்தைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டார்.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பில் அடிக்கும் மெஷினில் போடுகிற சுருள் ஒன்று அவள் கையில் கிடைத்தது. பத்து கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 1726 கிலோமீட்டர் பாதை 172.6 சென்டிமீட்டர் ஆனது. சுவரில் நிறுத்தி ஒட்டினால் என் தலையைத் தாண்டுகிறது! உச்சியில் ஹனோய், தரை ஓரத்தில் ஹோ சி மின் நகரம். 68.8-ல் ஹுவே, 79.1-ல் டா நாங், 131.5-ல் நா ட்ராங் என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறாள். நீலச் சட்டையிலிருந்து அறுந்த பித்தான்தான் ரயில். தினமும் படுக்கப்போகும் முன்பு அதை விரலால் அழுத்தி மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டு வருகிறாள். எதிர் வண்டி வருகிறதாம், நடுநடுவே நிறுத்திவிடுகிறாள். 62-க்குக் கொஞ்சம் முன்னால் சிவப்பில் ஒரு சின்ன வளைவு வரைந்திருக்கிறாள். அது பென் ஹாய் ஆறு. 1954 முதல் நாடு இரண்டாகக் கிடந்தபோது அந்த ஆறுதான் எல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1936-ல் முடித்த தண்டவாளம் நடுவில் அறுந்துபோய், போர் முடிந்து 1976 கடைசி நாளில்தான் திரும்ப முழுதாக ஓடியது. “அப்போ பாட்டி அந்தப் பக்கம், பேத்தி இந்தப் பக்கம் இருந்தா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹுவே வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அந்த ஆற்றைத் தாண்டுவோம், அந்நேரம் விடிந்திருக்கும். கட்டாயம் எழுப்பச் சொல்லியிருக்கிறாள்.

ஹுவேயிலிருந்து டா நாங் போகும் 103 கிலோமீட்டரைப் பகலில்தான் பார்க்கவேண்டும். ஹாய் வான் மலை கடலுக்குள் இறங்குகிற இடம் அது. சாலைக்குச் சுரங்கம் வந்துவிட்டது. ரயில் மட்டும் இன்னும் மலையின் ஓரமாகவே சுற்றிச் சுற்றிப் போகிறது. தெற்கே போகும்போது கடல் இடது பக்கம். டா நாங்கோடு தண்டவாளம் முட்டி நின்றுவிடும். எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டி, வந்த வழியே பின்னோக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். போன தடவை நான் தூங்கி எழுந்து பார்த்தபோது வண்டி திரும்ப ஹனோய்க்கே போகிறது என்று நினைத்துப் பதறிவிட்டேன்.

விசா ஆன்லைனிலேயே முடிந்துவிடும். ஒருமுறை நுழைய 25 டாலர், குழந்தைக்கும் தனியாக எடுக்கவேண்டும். எந்த விமான நிலையத்தில் நுழைகிறோம், எதில் வெளியேறுகிறோம் என்று கேட்பார்கள். நமக்கு இரண்டும் வேறு வேறு ஊர், கவனமாகப் போடவேண்டும். டெட் என்கிற அவர்கள் புத்தாண்டு நேரத்தில் டிக்கெட் கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் நடுப்பகுதியில் வெள்ளம் வந்து பாதையே நின்றுபோகும். மார்ச் கடைசி என்றால் இரண்டுக்கும் பயமில்லை.

சாப்பாட்டுக்கு நீ கவலைப்படவேண்டாம். ‘சாய்’ என்று பலகை போட்டிருந்தால் அங்கே சைவம். ஹுவேயில் அது நிறைய. அமாவாசை, பௌர்ணமி அன்று ஊரில் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள். ரயில் பெட்டியின் கோடியில் வெந்நீர் இருக்கும், நூடுல்ஸ் கப்பில் ஊற்றிக்கொள்ளலாம். பணத்தில் மட்டும் எச்சரிக்கை. இருபதாயிரம் டோங் நோட்டும் ஐந்து லட்சம் நோட்டும் இரண்டுமே நீலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அறைக்கு நான்கு பெர்த், கதவைச் சாத்திக்கொள்ளலாம். கீழே இரண்டு, மேலே இரண்டு. ஆறு பெர்த் அறையும் உண்டு, விலை குறைவு, ஆனால் மேல் தட்டில் நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், நம்மோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளலாம். எங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள், கால் பங்கு சலுகையில் தனி பெர்த். ஆக நாங்கள் மூன்று பேர். நாலாவது பெர்த்தில் யாரோ முன்பின் தெரியாதவர் வருவார். நல்லவராகவே இருப்பார், ஆனால் ராத்திரி குழந்தை அழுதால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதையும் வாங்கிக் காலியாகப் போடலாம் என்றார் இவர். நான் கூடாது என்றேன்.

நீ வா. ஆறு வருஷமாக அம்மாவை விட்டு ஒரு ராத்திரி நீ வெளியே தங்கியதில்லை. தம்பி இருக்கும்போது வரவில்லை என்றால் பிறகு எப்போது வருவாய்? அம்மாவிடம் நான் பேசுகிறேன். உனக்கு லோயர் பெர்த், எதிரே நான். விடிய விடியப் பேசலாம். இவரும் மகளும் மேலே. மகளிடம் சொல்லிவிட்டேன், பித்தானுக்குப் பக்கத்தில் இன்னொரு பித்தான் வைத்திருக்கிறாள், பச்சை நிறம். அது நீயாம்.

டிக்கெட்டுக்கு ஒவ்வொருவர் பாஸ்போர்ட் எண்ணும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை புக் பண்ணாமல் வைத்திருக்கிறேன். உன் பாஸ்போர்ட்டை எடுத்து முதலில் காலாவதித் தேதியைப் பார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் அன்றைக்கே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் தோழி