முத்துப்பழனியை மறந்த கட்டுரை

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்கள் தங்கள் உடலையும் ஆசையையும் பற்றி எழுதுவது மேற்கிலிருந்து அண்மையில் தொற்றிய பழக்கம் என்று கடந்த ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. முப்பது வருஷம் தமிழ் படிப்பித்த எனக்கு, அதை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

சங்கப் புலவர் வெள்ளிவீதியாரையும் ஆண்டாளையும் சொன்னால் அது பழைய காலம் என்பார்கள். சரி, 18ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். தஞ்சாவூரில் மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த கணிகை முத்துப்பழனி, 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, ராதை பொறாமையில் வேகிறாள். கண்ணன் வந்து அவளைத் தேற்ற வேண்டியிருக்கிறது. ஆசைப்படுவதும் கோபிப்பதும் வேண்டியதைக் கேட்பதும் அங்கே பெண்தான். தன் அழகையும் புலமையையும் நூலிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் துணிவும் அவருக்கு இருந்தது.

வெட்கம் பிறகுதான் வந்தது. 1887இல் அச்சான பதிப்பில் பல இடங்கள் விடுபட்டிருந்தன. கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடிய தெலுங்கு எழுத்தாளர் வீரேசலிங்கமே, பெண் வாயில் வரத்தகாதவை இந்நூலில் உள்ளன என்று எழுதினார். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மா விடவில்லை. சுவடியைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டுப் பார்த்து, 1910இல் முழு நூலையும் பதிப்பித்தார். நாணமும் கண்ணியமும் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் புலவர்களுக்கு இல்லையா என்று கேட்டார். மறு வருஷமே ஆங்கில அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்க 1940களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையும் ஆங்கிலேயர் தந்ததுதான். அப்படியானால் மேற்கிலிருந்து வந்தது எது?

நாங்கள் படித்த காலத்தில் சுப்பிரதீபக் கவிராயரின் 'கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது' நூலின் சிற்றின்பப் பாட்டுகளை வாத்தியார்மார் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். அதுவும் 18ஆம் நூற்றாண்டுதான். ஆண் எழுதினால் இலக்கியச் சுவை.

கொழும்பில் தியாகராஜ ஆராதனைக்குப் போகிறோம். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதிக் கோயிலைத் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டியவர் அதே நாகரத்தினம்மா. அவருடைய பக்தியைக் கொண்டாடுகிற மேடைகளில் அவர் பதிப்பித்த நூலைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

என்னிடம் படித்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி முத்துப்பழனியைப் பற்றி ஒப்படை எழுதினாள். தலைப்பு சரியில்லை என்று பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அந்த ஒப்படை இப்போது என் மேசையில் இருக்கிறது. நல்ல தமிழ், கவனமான வாசிப்பு. அவளும் சம்மதிக்கிறாள். நீங்கள் வெளியிடுவதாக இருந்தால் அனுப்பி வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.